ஒரே ஆள் காப்பாற்றிய உலகமாம்!

அக்டோபர் மாதக் கடைசி வந்தால் போதும், ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். கடற்படை உடுப்பு, அமைதியான முகம், கீழே கொட்டை எழுத்தில் இவர் இல்லாவிட்டால் நாம் யாருமே இல்லை என்கிற மாதிரி ஒரு வரி. பெயர் வசிலி அர்கிபோவ். சோவியத் கடற்படை அதிகாரி. 1962-இல் ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மூன்று பேர் ஓட்டுப் போட்டார்களாம். இரண்டு பேர் அணு டார்பிடோவை ஏவலாம் என்றார்களாம். இவர் ஒருவர் மட்டும் முடியாது என்றாராம். உலகம் பிழைத்ததாம். நாலு வரியில் கதை முடிந்தது, அடுத்த ஜோக்கைப் படிக்கப் போய்விடலாம்.

(சிலர் 1983-இல் ஏவுகணை எச்சரிக்கையைப் பொய் என்று கண்டுபிடித்த பெட்ரோவின் படத்தைப் போட்டு அர்கிபோவ் கதையை எழுதுவார்கள். அது தனிக் கொடுமை!)

எனக்கு அர்கிபோவ் மேல் நிறைய மரியாதை உண்டு. ஆனால் இந்த நாலு வரிக் கதை அவருக்கும் நியாயம் செய்யவில்லை, படிக்கிற நமக்கும் நல்லதில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். பொறுமை இருந்தால் கூட வாருங்கள்.

அர்கிபோவ் 1926 ஜனவரி 30 அன்று மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்படைப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே 1945 ஆகஸ்டில் ஜப்பானுக்கு எதிரான சண்டையில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் போனார். 1947-இல் படிப்பை முடித்தார். பிறகு நீர்மூழ்கிகள்தான் வாழ்க்கை. இதுவரைக்கும் எந்த சோவியத் அதிகாரியின் பயோடேட்டாவும் இப்படித்தான் இருக்கும்.

கதை மாறுவது 1961 ஜூலை 4-ஆம் தேதி.

அன்று அவர் இருந்தது கே-19 என்ற கப்பலில். சோவியத் யூனியன் கட்டிய, ஏவுகணை தாங்கும் முதல் அணுசக்தி நீர்மூழ்கி. அமெரிக்காவை எப்படியாவது எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாகக் கட்டியது. கேப்டன் நிக்கோலாய் சத்தேயெவ். அர்கிபோவ் அவருக்கு அடுத்த நிலை அதிகாரிகளில் ஒருவர். வட அட்லாண்டிக்கில் கிரீன்லாந்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது அணு உலையைக் குளிர்விக்கும் குழாயில் கசிவு. உலை சூடேறிக்கொண்டே போகிறது. மாற்றுக் குளிர்விப்பு ஏற்பாடு என்று ஒன்று கப்பலில் கிடையாது. தூரத்துக்குப் பேசும் ரேடியோவும் வேலை செய்யவில்லை. ஆக, கேட்க ஆளில்லாத நடுக்கடலில், காலுக்குக் கீழே ஒரு அணு உலை உருகப் பார்க்கிறது.

என்ன செய்தார்கள்? கப்பலில் இருந்த குழாய்களை வெட்டிப் பற்றவைத்துப் புதிதாக ஒரு தண்ணீர்ப் பாதை போட்டார்கள். அதைப் போட யாராவது உலை அறைக்குள் போக வேண்டும். கதிர்வீச்சைத் தடுக்கும் உடை இல்லை. ஷிஃப்ட் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். உலை குளிர்ந்தது. உள்ளே போய் வேலை பார்த்தவர்களில் 8 பேர் மூன்று வாரத்துக்குள் செத்துப்போனார்கள். எல்லாம் நம்மை விட நாலைந்து வயது கூடுதலான பையன்கள்.

கலகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேப்டன் சிறு துப்பாக்கிகளைக் கடலில் தூக்கிப் போடச் சொன்னார். ஒருசில கைத்துப்பாக்கிகளை மட்டும் நம்பிக்கையான அதிகாரிகளிடம் கொடுத்தார். அர்கிபோவ் அப்போது கேப்டன் பக்கம் உறுதியாக நின்றார். ஹாரிசன் ஃபோர்டும் லியாம் நீசனும் நடித்து 2002-இல் 'கே-19' என்று ஒரு படம் வந்ததே, அது இந்தச் சம்பவம்தான். படத்தில் மசாலா கொஞ்சம் தூக்கல். கப்பலில் இருந்த பழைய ஆட்கள் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அடுத்த வருடம் அர்கிபோவ் இன்னொரு கப்பலுக்குள் நின்று கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னபோது, அது வெறும் ஒரு அதிகாரியின் வாய்ச்சொல் இல்லை. கே-19-இல் இருந்துவிட்டு வந்தவர் என்பது கடற்படைக்குள் தெரிந்த விஷயம். அணு என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தவர்கள் நடுவில், அதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

இப்போது 1962. அமெரிக்காவுக்குக் கொல்லைப்புறமான கியூபாவில் சோவியத் யூனியன் ரகசியமாக அணு ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைக்கிறது. அதற்குத் துணையாக, அக்டோபர் 1 அன்று வடகோடி கோலா தீபகற்பத்திலிருந்து 4 நீர்மூழ்கிகள் கிளம்புகின்றன. பி-4, பி-36, பி-59, பி-130. நேட்டோ இந்த வகைக்கு வைத்த பெயர் ஃபாக்ஸ்ட்ராட். ஒவ்வொன்றிலும் 22 டார்பிடோ. அதில் ஒன்று மட்டும் ஸ்பெஷல். அதன் தலையில் ஹிரோஷிமா குண்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான அணுகுண்டு! அதைக் கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு அதிகாரி. அதன் பக்கத்திலேயேதான் படுக்கை. இதை எப்போது ஏவலாம், யார் சொன்னால் ஏவலாம் என்ற கேள்விக்குக் கிளம்பும்போது கேப்டன்களுக்குக் கிடைத்த பதில் குழப்பமானது. பெரும்பாலும் வாய்வழி உத்தரவு. ஒவ்வொரு கேப்டனும் பிற்பாடு அதை ஒவ்வொரு விதமாக நினைவுகூர்ந்தார்கள் என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் ஒரு கல்லூரி பஸ்ஸை வெளியூர் அனுப்புவதற்குக்கூட இதைவிடத் தெளிவாக எழுதிக் கொடுப்பார்கள்.

பி-59-க்கு வாலண்டின் சவிட்ஸ்கி கேப்டன். அர்கிபோவ் அந்தக் கப்பலின் அதிகாரியே இல்லை. நாலு கப்பலும் சேர்ந்த படைப்பிரிவின் தலைமை அலுவலர் அவர். படைப்பிரிவின் தளபதி பி-4-இல் ஏறிக்கொண்டார், இவர் பி-59-இல். மாற்றி ஏறியிருந்தால்? அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபாக்ஸ்ட்ராட் அணுசக்திக் கப்பல் அல்ல, டீசல் கப்பல். தண்ணீருக்குள் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து டீசல் இன்ஜினைப் போட்டு சார்ஜ் ஏற்ற வேண்டும், காற்றும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் இந்தக் கப்பல்கள் பனிக்கடலை நினைத்துக் கட்டியவை. வெப்பமண்டலக் கடலுக்குப் போனதும் உள்ளே 45 டிகிரி, இன்ஜின் பக்கம் 50-க்கும் மேலே. குடிக்கத் தண்ணீர் ரேஷன். உடம்பெல்லாம் வேர்க்குரு, கொப்புளம். மே மாத வேலூரில், மின்சாரம் போன ஒரு தகர ஷெட்டில், கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு எழுபத்துச் சொச்சம் பேர் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 22 அன்று கென்னடி கியூபாவைச் சுற்றிக் கடல் முற்றுகையை அறிவித்தார். அமெரிக்கர்கள் நீர்மூழ்கிகளைத் தேட ஆரம்பித்தார்கள். கண்டுபிடித்தால் சிறிய பயிற்சிக் குண்டுகளைப் போடுவோம், அது மேலே வரச் சொல்லும் சைகை மட்டும்தான், தாக்குதல் இல்லை என்று மாஸ்கோவுக்குச் சொல்லியும் அனுப்பினார்கள். அந்தச் செய்தி நீர்மூழ்கிகளுக்குப் போய்ச் சேரவில்லை. கேப்டன்கள் பின்னாளில் சொன்னது இதைத்தான். கோபம் வருகிறதா இல்லையா? ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சொல்லி அனுப்பிய ஒரு சைகை, அது யாருக்காகவோ அவர்களுக்கு மட்டும் தெரியாது!

அக்டோபர் 27, சனிக்கிழமை. அன்று காலை கியூபாவுக்கு மேலே ஒரு அமெரிக்க யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி இறந்துபோனார். இரண்டு நாடுகளிலும் பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே நாளில், சர்காசோ கடலில் ராண்டால்ஃப் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதன் துணைக் கப்பல்களும் பி-59-ஐ வளைத்துக்கொண்டன. பேட்டரி தீரப் போகிறது. உள்ளே கரியமில வாயு ஏறி ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். வெளியே பயிற்சிக் குண்டு, கைக்குண்டு என்று வெடி வெடியாய். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே போர் ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்பதே தெரியாது.

இனிமேல்தான் கவனம் வேண்டும். இதற்குப் பிறகு நடந்தது என்ன என்பதற்கு ஒரே ஒரு கதை கிடையாது.

முதல் கதையைச் சொன்னவர் பி-59-இல் ரேடியோ உளவுப் பிரிவில் இருந்த வாதிம் ஆர்லோவ். அவர் சொன்னபடி, சவிட்ஸ்கி வெறுத்துப்போய் அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு அர்கிபோவோடும் அரசியல் அதிகாரி மஸ்லென்னிக்கோவோடும் பேசினார், கோபம் அடங்கியது, மேலே போகலாம் என்று முடிவெடுத்தார். கவனித்தீர்களா? இதில் ஓட்டெடுப்பே கிடையாது! மூன்று பேரில் இரண்டு பேர் சம்மதம் என்பதெல்லாம் பிற்பாடு கதை சொல்லச் சொல்ல ஏறிய மெருகு. ஆர்லோவ் சொன்னதையே அதே படைப்பிரிவின் இன்னொரு கேப்டன் கேத்தவ் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

இரண்டாவது கதை இன்னும் விசித்திரம். வரலாற்று ஆசிரியர் செர்ஹி ப்ளோக்கி 2021-இல் எழுதிய 'நியூக்ளியர் ஃபாலி' புத்தகத்தில் இது வருகிறது. கப்பல் ராத்திரியில் மேலே வந்துவிட்டது. அமெரிக்க விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து கண்ணைப் பறிக்கும் விளக்குகளைப் போட்டு, குண்டு மழையும் பொழிந்து மிரட்டின. சவிட்ஸ்கி இது தாக்குதல்தான் என்று நினைத்து உடனே உள்ளே மூழ்கு, டார்பிடோ தயார் என்று கத்தினார். அவர் இறங்க வேண்டிய குறுகலான வழியில் சிக்னல் கொடுக்கும் ஆள் தன் விளக்கோடு மாட்டிக்கொண்டார். அந்தச் சில நொடிகளில், இன்னும் மேலேயே இருந்த அர்கிபோவ் அமெரிக்கக் கப்பல் விளக்கால் ஏதோ சொல்வதைக் கவனித்தார். விமானம் செய்த வேலைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! அவர் தடுத்து நிறுத்தினார்.

அர்கிபோவே 1997-இல் மாஸ்கோவில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சை அமெரிக்காவில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. விமானங்கள் வந்ததையும் சுட்டதையும், ஒரு கேப்டன் அதைத் தாக்குதல் என்று நம்ப எவ்வளவு காரணம் இருந்தது என்பதையும் சொல்கிறார். தான் என்ன செய்தேன் என்பதைப் பெரிதாகப் பேசவே இல்லை. நாம்தான் அவரைக் கட்-அவுட் வைத்துத் தூக்குகிறோம், அவர் அந்த மேடையில் ஏறவில்லை.

எந்தக் கதை சரி? இரண்டிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். கோபத்தில் இருந்த ஒரு நல்ல கேப்டனை இன்னொருவர் சில நிமிடம் பொறுக்க வைத்தார். அவ்வளவுதான். வீர வசனம் இல்லை, துப்பாக்கியை நீட்டவில்லை. 'கிரிம்சன் டைட்' படத்தில் டென்சல் வாஷிங்டன் செய்கிற மாதிரி கேப்டனைச் சிறைப்படுத்தவும் இல்லை. சவிட்ஸ்கியும் கேட்டுக்கொண்டார் பாருங்கள், அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா? ஐம்பது டிகிரி சூட்டில், ஒரு வாரமாகத் தூங்காமல், தலைக்கு மேலே வெடிச் சத்தத்தோடு, அடுத்தவர் பேச்சைக் கேட்கிற கேப்டன் லேசுப்பட்ட ஆளா? அவருக்கு ஒரு படமும் இல்லை, பதிவும் இல்லை. கதைக்கு ஒரு ஹீரோ வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் வில்லன் ஆகத்தான் வேண்டும் போல. நம் சினிமாப் புத்தி!

ஆனால் என் உண்மையான சண்டை அது இல்லை. ஹீரோ கதை எதை மறைக்கிறது என்பதுதான். அர்கிபோவ் படத்தைப் பார்த்து ஆஹா என்று சொல்லும்போது நாம் கேட்க மறக்கும் கேள்விகள் நிறைய. தொடர்பே கிடைக்காத டீசல் கப்பலில், தெளிவான உத்தரவு இல்லாமல், மாஸ்கோவிலிருந்து வரும் சங்கேத எண் எதுவும் தேவைப்படாத பூட்டோடு, அணுகுண்டை அனுப்பியது யார்? சைகை மாற்றங்களைக் கப்பலுக்குச் சொல்லாமல் விட்டது யார்? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதன் தலையில் கைக்குண்டு போட்டு விளையாடியது யார்? அந்தக் கப்பல்களில் அணு டார்பிடோ இருந்தது அமெரிக்கக் கப்பல்காரர்களுக்கு அன்று தெரியாது. விஷயம் பரவலாக வெளியே தெரிய 2002 ஹவானா மாநாடு வரை, 40 வருடம் ஆயிற்று. அந்த மாநாட்டில் கென்னடியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்னமாராவே உட்கார்ந்திருந்தார்.

அர்கிபோவ் பி-4-இல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே விட்டு வந்தேன் அல்லவா? தெரியாது. ஒருவேளை சவிட்ஸ்கி தானாகவே அடங்கியிருப்பார். ஒருவேளை மாட்டார். இப்படி ஒரு 'ஒருவேளை'யில் நம் தாத்தா பாட்டி உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், ஏறியவருக்கு மாலை போடுவதோடு விட்டுவிடலாமா?

ஊருக்குத் திரும்பியதும் என்ன மரியாதை கிடைத்தது என்றும் பாருங்கள். நாலில் மூன்று கப்பல்கள் அமெரிக்கர் கண் முன்னால் மேலே வர வேண்டியதாயிற்று. கேப்டன்களைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்கள். மார்ஷல் கிரெச்கோவுக்கு அவை டீசல் கப்பல்கள் என்பதே அப்போதுதான் தெரிந்ததாம், கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் அடித்தாராம். பி-36-இன் கேப்டன் துபீவ்கோ எழுதி வைத்தது இது. அனுப்பியவர்களில் ஒரு பெரிய மனிதருக்கு, அனுப்பியது என்ன கப்பல் என்று தெரியாது! இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

அர்கிபோவ் கடற்படையிலேயே தொடர்ந்தார். 1975-இல் ரியர் அட்மிரல், 1981-இல் வைஸ் அட்மிரல். பாகுவில் இருந்த கடற்படைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார், எண்பதுகளில் ஓய்வு பெற்றார். 1998 ஆகஸ்ட் 19 அன்று புற்றுநோயில் இறந்தார். கே-19-இல் வாங்கிய கதிர்வீச்சுக்கு அதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். அதே கே-19-இன் கேப்டன் சத்தேயெவ் ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று போனார். இருவருக்கும் வயது 72. இவ்வளவு பேர் பேசும் பெயராக ஆகப்போகிறோம் என்று அர்கிபோவுக்குத் தெரியாது. 2017 அக்டோபர் 27 அன்று 'ஃப்யூச்சர் ஆஃப் லைஃப்' என்ற அமைப்பு 50,000 டாலர் விருதை அவர் குடும்பத்துக்குக் கொடுத்தது.

பழைய ரஷ்யக் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இந்தியா 1967 முதல் வாங்கிய எட்டு நீர்மூழ்கிகளும் இதே ஃபாக்ஸ்ட்ராட் குடும்பம்தான். கப்பலை விடுங்கள், ஆயுதத்துக்கு வருவோம். நம் அரிஹந்த் அணு ஏவுகணையோடு முதல் ரோந்தை முடித்துவிட்டது என்று 2018 நவம்பரில் பிரதமர் அறிவித்தார். 2024-இல் இரண்டாவதாக அரிகாட் சேர்ந்தது. பாகிஸ்தான் 2017 ஜனவரியில் பாபர்-3 என்ற ஏவுகணையைக் கடலுக்கு அடியிலிருந்து ஏவிப் பார்த்தது. அதை டீசல் நீர்மூழ்கிகளில்தான் வைக்கப் போகிறார்கள் என்பது பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணிப்பு. டீசல் என்றால் மேலே வர வேண்டும், வந்தால் துரத்துவார்கள், துரத்தினால் பேட்டரி தீரும். 1962-இல் நடந்த அதே வரிசை, அரபிக்கடலில். துரத்துகிறவர்களுக்கு உள்ளே இருப்பது சாதா டார்பிடோவா, மற்றதா என்று எப்படித் தெரியும்? மேலே வா என்ற சைகை எது, தாக்குதல் எது என்று இரண்டு கடற்படையும் உட்கார்ந்து பேசியிருக்கின்றனவா? பேசியதைக் கப்பலில் இருப்பவனுக்குச் சொல்லியிருக்கிறார்களா? டிவியில் போர் போர் என்று கத்துகிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

விசாகப்பட்டினம் போகிறவர்கள் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுராவுக்குள் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். 2002-இலிருந்து அருங்காட்சியகமாக நிற்கும் ஃபாக்ஸ்ட்ராட் அது. 91 மீட்டர் நீளம், ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமான ஓட்டை வழியாகக் காலைத் தூக்கிக் குனிந்துதான் போக முடியும். நடுவில், மேலே ஏறும் ஏணி இருக்கும் இடத்தில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு ஆள், கையில் ஒரு விளக்கு. மாட்டிக்கொள்ள அது போதும்.